குட்டையில் பாசி

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மிச்ச இரண்டும் யாருடையது என்று கேட்காதீர்கள். என் கையால் சோறு தின்று வளர்ந்ததெல்லாம் என்னுடையதுதான். எழுத்து எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது, சாயங்கால வகுப்பில். எந்த எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இன்னமும் பிடிபடவில்லை. விட்டுப்போன இடத்தில் பேத்தி வைப்பாள். ஆனால் இதை எழுதியது நான். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இது என் வயதுக்காரிகளுக்கு. புதுவாயலுக்குப் பக்கத்து ஊரில் என்னோடு ஒரே தெருவில் பாண்டி ஆடியவர்கள் நீங்கள். இப்போது எளாவூரிலும் பொன்னேரியிலும், மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். முட்டி வலி, சர்க்கரை, கண்ணில் புரை, எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் இதை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் படுங்கள்.

நம் ஊரில் ஒரு சாமான் காணவில்லை என்றால் என்ன சொல்வோம்? "பொதட்டூருக்குப் போயிருக்கும்." கரண்டி காணோம் என்றாலும் அதுதான், கன்றுக்குட்டி காணோம் என்றாலும் அதுதான். போன வாரம் என் பேத்தி செல்போன் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தாள். டிவி பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி தலையைத் திருப்பாமல் சொன்னான், "பொதட்டூர் போயிருக்கும்." எனக்குச் சுருக்கென்றது.

"அந்தப் பேச்சு எங்கேர்ந்துடா வந்துச்சு?"

"இன்னா ஆயா, எல்லாரும் சொல்றதுதானே."

பொதட்டூர்பேட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. திருத்தணிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வந்த ஒருத்தி நம் தெருவில் மூன்று மாதம் குடித்தனம் பண்ணினாள். அந்தப் பேச்சு அவளைப் பற்றியது. அது பொய். பொய் என்பதற்கு இப்போது என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்ததே, ஞாபகம் இருக்கும். ஊர்க் குளம் வேறு. இது தோட்டத்துக்குள், வாழைக்கும் கீரைக்கும் விட என் தாத்தா, நைனாவின் அப்பா, வெட்டியது. இரண்டு மாட்டுவண்டி நிறுத்தினால் அடைந்துவிடும், அவ்வளவுதான் குட்டை. ஆனால் பங்குனி வந்தால் அதற்கு நடக்கிற உபசாரம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட நடக்காது.

மாசியிலேயே தண்ணீர் இறங்கிவிடும். பங்குனியில் ஒரு நாள் பார்த்துத் தூர் வாருவோம். முதலில் பாசியை எடுக்க வேண்டும், அது பெண்கள் வேலை. நீட்டு மூங்கிலை ஆளுக்கு ஒரு முனை பிடித்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டே போனால், பாசி நனைந்த கம்பளி மாதிரி சுருண்டு வரும். அதோடு நத்தையும் வரும், தலைப்பிரட்டையும் வரும், அட்டையும் வரும். அப்புறம் நைனாவும் சித்தப்பாவும் எதிரெதிரே நின்று கயிறு கட்டிய இறைகூடையை வீசி, மிச்சத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு இறைப்பார்கள். தண்ணீர் போனதும் சேறு. அரைத்த எள்ளு மாதிரி கறுப்பாக, மினுமினு என்று இருக்கும். கூடை கூடையாகக் கை மாறி வாழையடிக்குப் போகும். காலையில் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். மத்தியானத்துக்குள் அந்த வாசனை பழகிவிடும். கழுவாத கையால் தின்கிற பச்சை மாங்காயிலும் அதே வாசனைதான், அதற்காக யாரும் தின்னாமல் இருந்ததில்லை.

குட்டை முழுசும் வாரினாலும் நடுவில் ஒரு குழியை மட்டும் தொட மாட்டோம். இடுப்பளவு ஆழம். விரால் ஜோடி ஒன்றை அதில் விட்டுவைப்போம். அடுத்த வருஷத்து மீனுக்கு அதுதான் விதை. "நடுக்குழியில கை வெச்சா கை இருக்காது" என்று நைனா வருஷா வருஷம் பிள்ளைகளை மிரட்டுவார். குட்டையின் சரிவெல்லாம் அந்தக் குழியைப் பார்த்துத்தான். தேங்காய் உருண்டாலும் வழுக்கிக்கொண்டு அங்கேதான் போய்ச் சேரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தை மாதத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி, சித்தி வந்தாள். அவளுக்குப் பதினேழு. ஒல்லி உடம்பு, பெரிய குரல். அவள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி. இவள் வீட்டில் நிலம்தான், தறி இல்லை. ஆனாலும் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் இவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உப்பு கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும்.

"ஏம்மே, நான் இங்கதான் கீறேன். பொதட்டூர்ல இல்ல" என்பாள் அம்மா.

"தெரியும்க்கா. உங்களுக்குக் காது நல்லா கேக்குது. என் வாய்க்குத்தான் கேக்கல."

அம்மா சிரித்துவிடுவாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள் இரண்டு பேரும். அதை நீங்கள் பார்த்ததில்லை. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பார்த்தீர்கள்.

என் தம்பிக்கு அப்போது இரண்டரை வயது. சித்தி இடுப்பை விட்டு இறங்க மாட்டான். பழவேற்காட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவருகிற பாயிடம் சித்தி அவனுக்கு ஒரு பித்தளைச் சொப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். சாத்துக்குடி அளவு இருக்கும், இறுக்கமான மூடி. புளியங்கொட்டை, கூழாங்கல், பொரி, எது கிடைத்தாலும் அதற்குள் போட்டு, சித்தியிடம் நீட்டி மூடச் சொல்லி, காதோரம் வைத்து ஆட்டுவான். தூக்கத்திலும் கையில் இருக்கும்.

அந்தப் பங்குனியில் குட்டை வாரிய நாளைச் சொல்கிறேன்.

அம்மா கழுத்தில் ஒரு பாசி உண்டு. நம் பக்கத்தில் குட்டையில் படர்வதும் பாசிதான், கழுத்தில் போடுவதும் பாசிதான். அம்மாவுடையது கறுப்புப் பாசி, ஊடே ஊடே தங்கக் குண்டு கோத்தது. அவளுடைய அம்மா சாகும்போது தன் கழுத்திலிருந்து கழற்றி இவள் கழுத்தில் போட்டுவிட்டது. சேற்றில் இறங்குவதற்கு முன் அம்மா அதைக் கழற்றி சித்தியிடம் கொடுத்தாள்.

"பொட்டியில வைமே. அறுந்து சேத்துல விழுந்தா தேட முடியாது."

சித்தியை மூங்கில் பிடிக்க நைனா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பெட்டி வரைக்கும் போகவில்லை. பின்வாசல் விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு, தம்பியைக் கரையில் உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். நான் பார்த்தேன். என் கண்ணெதிரே வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தியின் அண்ணன் வந்தார். ஊரில் திருவிழா, தங்கச்சியை அனுப்பச் சொல்லிக் கேட்க வந்தவர். முன்வாசலில் ஆள் இல்லாததால் வீட்டுக்குள் நுழைந்து பின்வாசலில் வந்து நின்றார். நாங்கள் எல்லாரும் தலையோடு கால் சேறு.

"வா மச்சான், நீயும் எறங்கு. ஒங்கூர்ல சேறு பாத்துகீறியா?" என்றார் நைனா.

"எங்கூர்ல எறங்கினா நீலமா ஏறுவோம் மாமா, இல்லன்னா செவப்பா ஏறுவோம். எல்லாம் சாயத் தண்ணி."

அத்தனை பேரும் சிரித்தோம். அவர் வாசலிலேயே நின்று மோர் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்த வழியே போனார்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அம்மா பாசியைக் கேட்டாள். மாடத்தில் விளக்கு மட்டும்தான் இருந்தது.

"எங்கமே?"

"இங்கதான்க்கா வெச்சேன்."

"பொட்டியில வைன்னு சொன்னேனே."

"மாமா கூப்ட்டாரு. அவசரத்துல மாடத்துல வெச்சிட்டேன். இங்கதான்க்கா இருக்கும்."

அடுப்படி, அரிசிப் பானை, விறகுக்கட்டு, மாட்டுக்கொட்டாய், எல்லா இடமும் தேடினார்கள். நைனா தேடவில்லை. தலை துவட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்கண்ணன் எந்த வழியா வந்தான்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லாமல் போனது. சித்தி உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புடவையாக உதறிப் போட்டாள். யாரும் அவளை உதறச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் உள்ளே இருந்தபோதுதான் தம்பி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான். "பாசி குட்ட" என்றான். மறுபடியும், "ம்மா, பாசி குட்ட."

"ஆமாண்டா, பாசி குட்டையிலதான் இருக்கும். பின்ன கோயில்லயா இருக்கும்?" என்று அம்மா எரிந்து விழுந்தாள். அந்தக் கலவரத்திலும் சித்தப்பா சிரித்துவிட்டார். காலையிலிருந்து எல்லார் வாயிலும் அதே பேச்சுதானே, பாசியை இழு, பாசியை உருட்டு, பாசி வழுக்கும் பார்த்துப் போ. குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது என்று நினைத்தார்கள். தம்பி இரண்டு தடவை, மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அப்புறம் அழுதான். பசி என்று சோறு ஊட்டினார்கள்.

நான் நைனாவிடம் போய், "சித்தி மாடத்துல வெச்சத நான் பாத்தேன்" என்றேன்.

"வெச்சத பாத்த. எடுத்தத பாத்தியா?"

"சடை பின்னி விடறாளே, அவளுக்குத்தான் பேசுவா" என்று அம்மா என்னை உள்ளே தள்ளினாள்.

அம்மா கெட்டவள் இல்லை. செத்துப்போன தன் அம்மா என்று அவளுக்கு இருந்தது அந்தப் பாசி ஒன்றுதான். துக்கத்தில் இருக்கிறவளுக்கு யாராவது ஒருத்தர் கையில் அகப்பட வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் சித்தப்பா சித்தியை பஸ் ஏற்றிவிடக் கூட்டிக்கொண்டு போனார். "பாசியோட வந்தா வா" என்று அம்மா சொன்னது தெருவுக்கே கேட்டது. சத்தமாகப் பேசுகிற சித்தி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். "பாசி போச்சு, பொதட்டூரு போச்சு! பாசி போச்சு, பொதட்டூரு போச்சு!" யார் ஆரம்பித்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்பது வயது, பத்து வயது. பாட்டு நன்றாக இருந்தது, பாடினீர்கள்.

தம்பி சித்தியைப் பார்த்துக் கையை நீட்டிக் கதறினான். அந்தக் கையில் சொப்பு இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. தங்கக் குண்டு காணாமல் போன வீட்டில் சொப்பை யார் தேடுவார்கள்?

அவளை யாரும் திரும்ப அழைக்கவில்லை. மறு வருஷம் சித்தப்பாவுக்கு வேறு கல்யாணம் ஆனது. அந்தப் பாட்டு பாண்டி ஆட்டத்தில் சேர்ந்தது, அப்புறம் பேச்சில் சேர்ந்தது. தம்பியே பெரியவனாகித் தன் பிள்ளைகளிடம் சொல்லுவான், "பேனா காணோமா? பொதட்டூர் போயிருக்கும்." அவனுக்கு அவள் முகம்கூட ஞாபகம் இல்லை. நாங்கள் வருஷா வருஷம் பங்குனியில் குட்டையை வாரினோம். வருஷா வருஷம் நடுக்குழியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி வாரினோம்.

இப்போது கதை மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு சேறு வார ஆள் கிடைப்பதில்லை. எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறார்கள். தம்பி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மகன் மட்டும் அந்தக் குட்டையை விடவில்லை. போர் தண்ணீர் உப்பு, வாழை கருகுகிறது என்பான். இந்தப் பங்குனியில் அவன் ஜேசிபி வண்டியைக் கூப்பிட்டான். ஒரு வரிசை வாழையை வெட்டி அதற்கு வழி விட்டான். நானும் போயிருந்தேன்.

"அத்த, தள்ளி நில்லு. வண்டிக்காரரு பின்னால பாக்க மாட்டாரு."

"நடுக்குழிய உட்டுடச் சொல்லுடா."

"அதுல இன்னா அத்த கீது? மீசக் கெளுத்திதான் கீது. அதையும் சேத்து வாரிட்டா பத்து வருசத்துக்குப் பேஜாரு இல்ல."

எங்கள் பத்து கை ஒரு நாள் முழுக்கச் செய்வதை அந்த வண்டி நாஷ்டா நேரத்துக்குள் முடித்துவிட்டது. கடைசியில் நடுக்குழிக்குள் கையை விட்டது. வாரிக் கொட்டிய சேற்றில் தம்பி மருமகள் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பச்சையாக, உருண்டையாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இன்னா அத்த இது, கல்லா?"

முந்தானையால் துடைத்தேன். கழுத்து தெரிந்தது, மூடி தெரிந்தது. என் கை அதற்கு முன்பே அடையாளம் கண்டுகொண்டது. தம்பி மகன் ஸ்பேனரால் தட்டி மூடியைப் பெயர்த்தான். உள்ளே கெட்டிச் சேறு. ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தாள் அந்தப் பெண். கயிறு மக்கிப்போய், கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து வந்தது. ஊடே மஞ்சள்.

"அத்த! பாசி அத்த! குட்டையில பாசி!" என்று கத்தினாள்.

வண்டிக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "எங்கம்மா பாசி? அல்லாத்தையும் சுத்தமா வாரிட்டனே."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை இறங்கவில்லை. "பாசி குட்ட, ம்மா, பாசி குட்ட" என்று ஒரு குழந்தை புடவையை இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கு மாடத்துக்குக் கீழே உரல் கிடந்தது. அந்த வாரம்தான் அவன் உரல் மேல் ஏறக் கற்றிருந்தான். எடுத்திருக்கிறான், சொப்புக்குள் போட்டிருக்கிறான், வழக்கம்போல யாரிடமோ நீட்டி மூட வைத்திருக்கிறான், ஆட்டிப் பார்த்திருக்கிறான். கரையில் உட்கார்ந்து ஆட்டும்போது கை நழுவியிருக்கிறது. சரிவெல்லாம் அந்தக் குழியைப் பார்த்துத்தானே. அவன் ஒளிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. வந்து சொன்னான். நமக்குத்தான் அந்த வார்த்தை வேறாகக் கேட்டது.

திருவள்ளூர் போய், திருத்தணி போய், மூன்று பஸ் மாறிப் பொதட்டூர்பேட்டை போனேன். துணைக்கு வருகிறேன் என்ற மகனை வேண்டாம் என்றேன். சித்தி அண்ணன் மகன் வீட்டில் இருந்தாள். உள்ளே பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை பஞ்சு. குரல் அப்படியே இருந்தது.

"யாரு?"

"புதுவாயல் பக்கத்துலேர்ந்து வரேன் சித்தி."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சடை பின்னும்போது தலைய ஆட்டிக்கினே இருப்பியே, அவதானே?"

நான் அவள் மடியில் சொப்பை வைத்தேன். தடவிப் பார்த்தாள். மூடியைத் திருகினாள், மூடினாள்.

"இது கொழந்தையோடதாச்சே. கொழந்த எப்டி கீறான்?"

அவளுக்கு அவன் இன்னும் இரண்டரை வயதுக் குழந்தை. "அவன் போயி ரெண்டு வருசம் ஆச்சு சித்தி" என்றேன். அவள் கை சொப்பின் மேலேயே நின்றது.

அப்புறம் பாசியைக் கொட்டினேன். கிடைத்த இடத்தைச் சொன்னேன். "அவன் அன்னைக்கே சொன்னான் சித்தி, பாசி குட்டன்னு. நீ உள்ள பொட்டிய உதறிக்கினு இருந்த. நாங்க குட்டப் பாசின்னு நெனச்சோம்."

"சொன்னானா?"

"மூணு தபா சொன்னான்."

"அப்ப எனக்காக ஒருத்தன் பேசிகீறான்" என்றாள். "எனக்குத் தெரியாமப் போச்சே." அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் மாதிரி இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்க நைனா இதப் பாத்தாரா?"

"அவரு இல்ல சித்தி."

"அக்கா?"

"இல்ல."

"அவரு?"

"சித்தப்பாவும் இல்ல."

பாசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் முந்தானையில் போட்டாள். "உங்கம்மாது, எடுத்துகினு போ. நீ அப்பவே பாத்தேன்னு சொன்னவ. ஒனக்கு எதுக்குமே இது? நம்பாதவங்க ஒருத்தரையாவது இட்டாந்தியா?"

நான் பாசியை முந்தானையில் முடிந்துகொண்டேன். சொப்பை மட்டும் நூல் கூடையில் வைத்துக்கொண்டாள். அதை நான் கேட்கவில்லை.

நம்பாத பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது அவள் பின்னால் பாடிக்கொண்டு ஓடிய நீங்கள்தான். உங்களைத் திட்ட நான் இதை எழுதவில்லை. அவளுக்கு எழுபத்தேழு ஆகிறது. உங்களில் நடக்க முடிந்தவள் யாராவது என்னோடு பொதட்டூர்பேட்டைக்கு வாருங்கள். ஒன்றும் பேச வேண்டாம், அவள் எதிரே போய் உட்கார்ந்தால் போதும். ஒருத்தி வந்தால் போதும்.

கண்ணு, இங்க வா. கண்ணாடியப் போட்டுகினு மொதல்லேர்ந்து படி. ஒன் தம்பிய டிவிய நிறுத்திட்டு வரச் சொல்லு, அவன் கேக்கணும். பாசின்னு வர்ற எடத்துல மட்டும் ஓடாத, நின்னு படி. எந்தப் பாசின்னு கேக்கறவங்களுக்குப் புரியணும்.